பட்டறையில் தொழில்நுட்பம்: எது வேலையைக் குறைத்தது, எது இடம் மாற்றியது

ஐடி வேலையை விட்டுவிட்டு அப்பாவின் பட்டறையைப் பார்த்துக்கொள்ள ஊருக்கு வருவதாக எழுதியிருக்கிறீர்கள். சாஃப்ட்வேர், புது மெஷின், ஏஐ என்று எதில் முதலில் பணம் போடுவது? தொழில் வீட்டுக்குள் புகுந்து எல்லோரையும் வாட்டாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது? இவை உங்கள் இரண்டு கேள்விகள்.

நான் கோவையில் 2001 முதல் வெட் கிரைண்டர் பட்டறை நடத்துகிறேன். பதினோரு பேர் வேலை செய்கிறோம். என் அனுபவத்தில் இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. ஒரு கருவி உள்ளே வரும்போது வேலை பெரும்பாலும் ஒழிவதில்லை, ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறுகிறது. அது யார் கைக்குப் போகிறது என்று பார்க்கப் பழகிவிட்டால் எங்கே பணம் போடலாம் என்பது தெரியும். வீட்டில் யார் களைத்துப்போகிறார்கள் என்பதும் தெரியும். இது எனக்குப் பிடிபடவே பதினைந்து வருடம் ஆனது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் செய்யும் பொருளிலிருந்தே தொடங்குகிறேன். சின்ன வயதில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஆட்டுக்கல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்ததும் அம்மா அதன் முன்னால் உட்கார்ந்தால் எழுந்திருக்க நாலு மணி, நாலரை மணி ஆகும். வலது கையால் குழவியைச் சுற்றுவார், இடது கையால் மாவைத் தள்ளிவிடுவார். உளுந்து பொங்கி வரும்போது தண்ணீரைத் தொட்டுத் தொட்டுத் தெளிப்பார். ராத்திரி அந்தத் தோளுக்குத் தைலம் தேய்த்துவிடுவது என் வேலை.

கோவையில் பி. சபாபதி 1955-லேயே மின்சாரத்தில் ஓடும் வெட் கிரைண்டரைக் கொண்டுவந்துவிட்டார். எங்கள் வீட்டுக்கு அது வர 1984 ஆனது. அம்மாவின் தோள் வலி ஒரு மாதத்தில் குறைந்தது. ஆனால் அந்தக் கல்லை வெளியே தூக்கிக் கழுவ வேண்டுமே! வலி தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கியது. அதற்குப் பிறகு டிரம்மைச் சாய்த்து மாவை எடுக்கும் டில்டிங் கிரைண்டர் வந்தது. அப்புறம் மேடை மேல் வைக்கும் டேபிள் டாப் வந்தது. அதில் கல்லும் சின்னது, டிரம்மும் கையில் எடுக்கிற எடைதான். நான் பட்டறை ஆரம்பித்தபோது டேபிள் டாப்புக்கு நல்ல காலம். கல்யாணச் சீர்வரிசையில் கிரைண்டர் இல்லாத வீடே எங்கள் பக்கம் கிடையாது.

2011-ல் தமிழக அரசு குடும்ப அட்டைக்கு மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் விலையில்லாமல் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. பெரிய கம்பெனிகளுக்கு ஆர்டர் கிடைத்தது. என்னைப் போன்ற சிறிய பட்டறைகளில் டேபிள் டாப் விற்பனை பாதியாக இறங்கியது. அந்த வருடம் உண்மையிலேயே பயந்துபோனேன். ஆனால் அதே நேரத்தில் கணக்கு நோட்டில் இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. பத்து லிட்டர், இருபது லிட்டர் டில்டிங் கிரைண்டர் கேட்டு வருபவர்கள் மெல்லக் கூடிக்கொண்டிருந்தார்கள். முன்பெல்லாம் அதை ஹோட்டல்காரர்கள்தான் வாங்குவார்கள். இப்போது வந்தவர்களில் பலர் வீட்டு முன்அறையில் மாவு அரைத்துப் பாக்கெட் போட்டு விற்கும் பெண்கள். வீட்டில் கிரைண்டர் இருந்தும் ஜனங்கள் மாவைக் கடையில் வாங்க ஆரம்பித்திருந்தார்கள். ஊறவைக்க, அரைக்க, கழுவ வீட்டில் ஆளில்லை, நேரமில்லை. என் மகளும் கடையில்தான் மாவு வாங்குகிறாள். கிரைண்டர்காரர் வீட்டிலேயே பாக்கெட் மாவா என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அதில் வருத்தமே இல்லை. அவள் ஆஸ்பத்திரியில் ஷிப்ட் வேலை பார்க்கிறாள், அந்த நேரத்தில் அவள் தூங்க வேண்டும்.

அம்மாவின் தோளில் இருந்த வேலை மோட்டாருக்கு மாறி, பிறகு மாவுக்கடைக்கு மாறியது. வேலை போன இடத்துக்கே நானும் போய் நின்றேன். அதனால்தான் பட்டறை பிழைத்தது. 2014-க்குப் பிறகு டேபிள் டாப் செய்வதைக் குறைத்துக்கொண்டு வணிக டில்டிங் கிரைண்டருக்கு மாறினேன். இதற்கு சாஃப்ட்வேர் எதுவும் தேவைப்படவில்லை. மூன்று வருட பில் புத்தகத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து புரட்டினேன், அவ்வளவுதான். உங்கள் அப்பாவிடமும் பழைய பில் புத்தகங்கள் இருக்கும். முதல் மாதம் அவற்றோடு உட்காருங்கள். யார் வாங்குவதை நிறுத்தினார்கள், யார் புதிதாக வந்தார்கள் என்று பாருங்கள்.

இனி சாஃப்ட்வேர். 2016-ல் ஸ்டாக், உற்பத்தி, விற்பனை எல்லாவற்றையும் ஒரே திரையில் காட்டும் என்று சொல்லப்பட்ட ஒரு இஆர்பி சாஃப்ட்வேரை இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் கொடுத்து வாங்கினேன். ஆபீஸில் பெரிய திரை வைத்து எத்தனை டிரம், எத்தனை மோட்டார், எத்தனை பெல்ட் என்று பார்த்தபோது பெருமையாக இருந்தது. நாலாவது மாதம் ஒரு நாள் ஸ்டோருக்குள் போனேன். அங்கே வேலை பார்க்கும் அக்கா கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டை விரித்து வைத்திருந்தார். பொருள் வரும்போதும் போகும்போதும் நோட்டில் எழுதுவார். சாயங்காலம் எல்லோரும் போன பிறகு ஒரு மணி நேரம் உட்கார்ந்து அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவார்.

"ஏன்க்கா ரெண்டு வேலை?" என்று கேட்டேன்.

"பெயரிங் வாங்க ஆள் வாசல்ல நிக்கறப்ப அதுல ஏழு கட்டம் நிரப்ப முடியாதுங்க தம்பி. நோட்டுல ஒரு வரிதானுங்க" என்றார்.

நான் பார்த்து மகிழ்ந்த திரைக்காக அவர் தினமும் ஒரு மணி நேரம் அதிகம் உழைத்திருக்கிறார். அதற்கு நான் சம்பளமும் கூட்டவில்லை. அது எனக்குத் தெரியவும் இல்லை. அந்த மாதமே சாஃப்ட்வேரை நிறுத்தினேன். மூன்று மாத ஓவர்டைம் பணத்தைக் கணக்குப் போட்டு அக்காவிடம் கொடுத்தேன். இன்றைக்கும் ஸ்டோரில் அந்த நோட்டுதான். மாதக் கடைசியில் மட்டும் அது எக்செலில் ஏறும். எங்களைப் போன்ற பதினோரு பேர் பட்டறைக்கு அது போதும். நூறு பேர் வேலை செய்யும் இடத்துக்கு நிச்சயம் போதாது.

அதனால் சாஃப்ட்வேரே வேண்டாம் என்று சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேர் இல்லாமல் நான் 2017-ஐத் தாண்டியிருக்க மாட்டேன். ஜிஎஸ்டி வந்தபோது கல் வைத்த வெட் கிரைண்டருக்கு 28 சதவீதம். அதே வருடம் நவம்பரில் 12 ஆனது. 2019 அக்டோபரில் 5 ஆனது. 2022 ஜூலை 18 முதல் 18 சதவீதம். ஐந்து வருடத்தில் ஒரே பொருளுக்கு நான்கு விகிதம். ஒவ்வொரு தடவையும் விலைப்பட்டியல் மாறும். டீலர்களிடம் இருக்கும் பழைய சரக்கை என்ன செய்வது என்ற பேச்சு வரும். விகிதம் மாறும் தேதிக்கு முந்தின வாரம் எல்லா போனும் அடித்துக்கொண்டே இருக்கும். டேலியில் புது விகிதத்தைத் தேதியோடு ஒரு தடவை போட்டுவிட்டால் அன்றிலிருந்து பில் சரியாக வந்துவிடும். கையால் பில் எழுதியிருந்தால் எத்தனை தப்பு வந்திருக்கும் என்று நினைத்தாலே கலக்கமாக இருக்கிறது. எதைச் சட்டப்படி எப்படியும் செய்தே ஆக வேண்டுமோ, எதில் கணக்கு தப்பினால் காசு போகுமோ, அங்கே சாஃப்ட்வேர் வையுங்கள். முதலாளி பார்த்துச் சந்தோஷப்படுவதற்காக மட்டும் வைக்காதீர்கள்.

மெஷின் விஷயத்தில் கோவைக்கு ஒரு பெரிய வரம் இருக்கிறது. கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேடு என்று சுற்றினால் லேத் வேலை, லேசர் கட்டிங், பவுடர் கோட்டிங், மோட்டார் வைண்டிங் எல்லாம் வெளியே கூலிக்குச் செய்து தருவார்கள், அதுதான் ஜாப் ஒர்க். காலையில் டெலிவரி செலானோடு ஷீட்டை அனுப்பினால் சாயங்காலம் வெட்டி வந்துவிடும். பல லட்சம் போட்டு லேசர் மெஷின் வாங்கச் சொல்லி 2019-ல் ஒருவர் என்னை மூன்று மாதம் சுற்றினார். என் வேலையைக் கணக்குப் போட்டால் அந்த மெஷின் வாரத்துக்கு ஆறு மணி நேரம்தான் ஓடும். மீதி நேரத்துக்கு நான் ஜாப் ஒர்க் தேடி அலைய வேண்டும். அதாவது கிரைண்டர் செய்பவன் லேசர் கட்டிங் விற்பவனாக மாற வேண்டும். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மெஷின் வாங்கும்போது அதன் விலையை மட்டும் பார்க்காதீர்கள். அதற்குத் தீனி போடுவது யார் என்று கேளுங்கள்.

வேலையை உண்மையிலேயே இல்லாமல் ஆக்கும் கருவிகளும் இருக்கின்றன. நான் வாங்கியதிலேயே நல்லது, கூரை இரும்பு உத்தரத்தில் மாட்டிய, சங்கிலியால் எடை தூக்கும் ஒரு செயின் பிளாக்கும் உயரம் கூட்டிக் குறைக்கும் ஒரு டிராலியும்தான். இரண்டும் சேர்த்து ஐம்பதாயிரத்துக்குள் முடிந்தது. அதுவரை இருபது லிட்டர் கிரைண்டரின் கல்லை இரண்டு பேர் குனிந்து பிடித்து, "ஏய் பாத்து, கை கை" என்று கத்திக்கொண்டு டிரம்முக்குள் இறக்குவார்கள். ஒருவருக்கு விரல் நசுங்கிய பிறகுதான் நான் விழித்துக்கொண்டேன். அந்தக் குற்றவுணர்ச்சி இன்னும் போகவில்லை. இப்போது கொக்கியில் மாட்டி ஒரே ஆள் இறக்குகிறார். அந்த எடை இப்போது யார் முதுகிலும் இல்லை. இரும்புச் சங்கிலி தூக்கிக்கொள்கிறது. உங்கள் அப்பாவின் பட்டறையில் ஆட்கள் எதைத் தூக்குகிறார்கள், எதற்குக் குனிகிறார்கள் என்று ஒரு வாரம் கவனியுங்கள். முதல் ஐம்பதாயிரத்தை அங்கே போடுங்கள்.

பணம் வருவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சிறுதொழில் சாவது பெரும்பாலும் இங்கேதான். யுபிஐ வந்த பிறகு மாவுக்கடைக்காரர்களிடம் உதிரிபாகக் காசு வாங்குவது எளிதாகிவிட்டது. பெல்ட் 350 ரூபாய் என்றால் அந்த நிமிடமே வந்துவிடும். ஆனால் டீலர் பாக்கி யுபிஐக்கு முன்னால் எத்தனை நாளோ, இப்போதும் அத்தனை நாள்தான். கொடுக்கும் வசதி கூடியதால் கொடுக்கும் மனம் கூடிவிடாது.

இதில் உங்களுக்குச் சட்டத்தின் துணை இருக்கிறது. பலருக்கு அது தெரிவதில்லை. 2006-ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் குறு, சிறு நிறுவனத்துக்குச் சேர வேண்டிய பணத்தை 45 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டுவட்டி. 2023-24 நிதியாண்டிலிருந்து வருமான வரியிலும் ஒரு விதி சேர்ந்திருக்கிறது. வாங்குபவர் அந்தக் கெடுவுக்குள் பணம் கொடுக்காவிட்டால், உண்மையில் கொடுக்கும் வருடத்தில்தான் அதைச் செலவாகக் காட்ட முடியும். இந்த விதி வந்த மார்ச் மாதத்தில், இரண்டு வருடமாக இழுத்தடித்த ஒரு பாக்கி எனக்குத் தானாக வந்து சேர்ந்தது. இதெல்லாம் கிடைக்க உத்யம் பதிவு, அதாவது குறு, சிறு நிறுவனம் என்று மத்திய அரசிடம் செய்யும் பதிவு வேண்டும். உங்களுடையது உற்பத்தி நிறுவனமாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். வெறும் வியாபாரி என்று பதிவாகியிருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. பதிவு எண்ணையும் கடன் நாளையும் ஒவ்வொரு பில்லிலும் அச்சடியுங்கள். பாக்கி வராவிட்டால் அரசின் இணையதளத்தில் புகார் கொடுக்கவும் வழி இருக்கிறது. ஆனால் புகார் கொடுத்த இடத்தில் திரும்ப வியாபாரம் செய்வது கஷ்டம். அதனால் அதைக் கடைசி வழியாக வைத்திருக்கிறேன். நான் செய்வது பழைய வழிதான். முப்பதாவது நாள் போன் செய்வேன். நாற்பதாவது நாள் நேரில் போய் டீ குடித்துவிட்டு வருவேன். வாட்ஸ்அப் நினைவூட்டலை யாரும் மதிப்பதில்லை. வாசலில் வந்து நிற்பவனை மதிக்கிறார்கள்.

அடுத்து, வீடு. இதைத்தான் எழுதக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது.

2001-ல் மெஷினில் ஒட்டும் ஸ்டிக்கரில் எங்கள் வீட்டு லேண்ட்லைன் எண்ணை அச்சடித்தேன். ஆபீஸ் போனுக்குக் காசில்லாத காலம். பிறகு அந்த எண் மாறியது, என் மனைவியின் செல் எண்ணை ஸ்டிக்கரில் போட்டோம். பட்டறையில் சத்தம் அதிகம், அவள் எடுத்தால் விவரம் சரியாகக் கேட்டுச் சொல்வாள் என்பது காரணம். வாட்ஸ்அப் வந்த பிறகு போட்டோவும் வாய்ஸ் மெசேஜும் வீடியோவும் அந்த எண்ணுக்கே வர ஆரம்பித்தன. மாவுக்கடைகள் ஓய்வது ராத்திரி ஒன்பது மணிக்கு. அப்போதுதான் அவர்களுக்கு மெஷினைப் பற்றிப் பேச நேரம் கிடைக்கும். ஆக, என் மனைவிக்கு ராத்திரி ஒன்பதிலிருந்து பத்தரை வரை சர்வீஸ் டெஸ்க் வேலை.

2018-ல் அவளுக்குக் கழுத்து வலி வந்து டாக்டரிடம் போனோம். ராத்திரி போன் பார்ப்பீர்களா என்று டாக்டர் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து அவள் போனை எடுத்து ஒரு மாதத்து மெசேஜை எண்ணினேன். 412. சர்வீஸுக்கு ஆள் வைக்காமலே சமாளிக்கிறேன் என்று அதுவரை நண்பர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆள் இருந்திருக்கிறாள். பதினேழு வருடம், சம்பளம் இல்லாமல்.

அடுத்த வாரமே தனி எண் வாங்கி, ஸ்டிக்கரை மாற்றி அச்சடித்து, டீலர்களுக்கும் பழைய வாடிக்கையாளர்களுக்கும் சொன்னோம். முழுதாக மாற எட்டு மாதம் ஆனது. இப்போது அவள் பட்டறைக் கணக்கைப் பார்க்கிறாள், மாதச் சம்பளம் அவள் வங்கிக் கணக்குக்குப் போகிறது. உங்கள் வீட்டிலும் அம்மாவோ மனைவியோ தங்கையோ பெயரில்லாத ஒரு வேலையைச் செய்துகொண்டிருப்பார்கள். போய் எண்ணிப் பாருங்கள்.

அந்தப் புது எண் மெக்கானிக்கிடம் போனது. அவர் திறமைசாலி. ஓடும் மெஷினின் சத்தத்தைப் பத்து விநாடி ரெக்கார்ட் செய்து அனுப்பச் சொல்வார். காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "அண்ணா, இது பெயரிங். பெல்ட் இல்ல. பெல்ட்னா வழுக்கற சத்தம் வரும், இது கரகரங்குது" என்பார். பெரும்பாலும் சரியாக இருக்கும். முன்பு இதற்காக உடுமலை வரை பஸ்ஸில் போய் வந்திருக்கிறார். நாள் முழுக்கப் போய்விடும். இப்போது சரியான பெயரிங்கைக் கூரியரில் அனுப்பினால் அங்கேயே ஒரு எலக்ட்ரீசியன் மாட்டிவிடுகிறார். எங்கள் தொழிலில் போனால் கிடைத்த நன்மைகளில் இதைத்தான் முதலில் சொல்வேன். ஆனால் மனைவி விஷயத்தில் பட்டது போதும் என்று, இந்தத் தடவை ஆரம்பத்திலேயே இரண்டு ஏற்பாடு செய்தேன். ராத்திரி எட்டரைக்கு மேல் அந்த போன் பட்டறை மேஜை டிராயரில் இருக்கும், யாரும் வீட்டுக்கு எடுத்துப்போகக் கூடாது. சத்தம் கேட்டுக் கோளாறைச் சொல்லும் ஒவ்வொரு தடவைக்கும் மெக்கானிக்குக் கணக்கில் நூறு ரூபாய் ஏறும். பஸ்ஸில் போகாவிட்டாலும் அது வேலைதானே. ராத்திரி பதில் வராததால் ஆர்டர் போகும் என்று பயந்தேன். காலை எட்டு மணிக்குப் பதில் வந்துவிடும் என்று தெரிந்ததும் எல்லோரும் பழகிக்கொண்டார்கள்.

ஏஐ பற்றியும் கேட்டிருந்தீர்கள். பாலக்காடு, திருச்சூர் டீலர்களுக்கு மலையாளத்தில் கடிதம் எழுத அதைப் பயன்படுத்துகிறேன், நன்றாக எழுதுகிறது. ஒரு தடவை, மோட்டாருக்கு மட்டும் ஒரு வருட வாரண்டி என்று நான் சொன்னது மெஷின் முழுவதற்கும் என்று மலையாளத்தில் போய்விட்டது. டீலர் டிரம் மாற்றித் தரக் கேட்டபோதுதான் தெரிந்தது. நம் பெயரில் போன வார்த்தை, மாற்றிக் கொடுத்தேன். இப்போது மலையாளம் தெரிந்த, மோட்டாருக்குக் கம்பி சுற்றும் எங்கள் வைண்டர் ஒருவர் படித்துப் பார்த்த பிறகுதான் கடிதம் போகும். எழுதும் வேலை குறைந்து, சரிபார்க்கும் வேலை வந்திருக்கிறது. அதற்கும் நேரம் ஒதுக்கிக்கொண்டால் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மாவுக்கடை அம்மா பதினோரு வருடமாக எங்கள் இருபது லிட்டர் மெஷினை வைத்திருக்கிறார். போன வருடம் புது மெஷினுக்கு ஆர்டர் கொடுக்க வந்தார். டிரம்மைச் சாய்க்கும் கைப்பிடியைக் கொஞ்சம் கீழே வைத்துத் தர முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். ஏன் என்றேன். வலது தோளைத் தொட்டுக் காட்டி, "இதைத் தூக்க முடியல தம்பி, ராத்திரி தைலம் போட்டாத்தான் தூக்கம் வருது" என்றார். எனக்குப் பேச்சே வரவில்லை. அம்மாவிடமிருந்து போய்விட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருந்த வலி இத்தனை வருடமும் என் மெஷின் வழியாக இவர் தோளில் இருந்திருக்கிறது.

மறுநாள் அவர் கடைக்குப் போய், அவர் அரைப்பதை இரண்டு மணி நேரம் நின்று பார்த்தேன். கைப்பிடி அவர் தோளுக்கு மேலே இருந்தது. எங்கள் பட்டறை ஆண்களின் உயரத்துக்கு வைத்த அளவு அது. ஆறு அங்குலம் இறக்கி, கியரில் பல்லைக் கூட்டி, பாதி விசையில் சாயும்படி மாற்றினோம். டிரம் சாய முன்பைவிடக் கூடுதல் நேரம் ஆகிறது, பரவாயில்லை என்றார். மெஷினுக்கு 900 ரூபாய் கூடுதல் செலவு. அந்த அளவுதான் இப்போது எங்கள் எல்லா இருபது லிட்டர் மெஷினுக்கும். ஊருக்கு வந்ததும் ஒரு நாள் பட்டறைப் பக்கம் வாருங்கள், ஒன்று அசெம்பிளியில் இருக்கிறது, நீங்களே சாய்த்துப் பார்க்கலாம்.